போத்தலில் நுரை

மத்தியான வெயில் குசினி யன்னலால் சாய்ந்து போத்தலில் விழுகிறது. கிணற்றடியில்தான் அப்பா பழைய பற்றரிகளை உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்த்தவர். அந்த ஈயம் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் பாதையையும் ஆமிக்காரர் மூடிவிட்டார்கள். சவுக்காரம் போன்ற ஒரு தூளைக் கலந்தால் ஈயம் அதில் ஒட்டிக்கொள்ளும், இரண்டையும் குழாய்க்குள் இருக்கும் மெல்லிய சவ்வு மறித்துவிடும் என்று கம்பஸில் இரசாயனம் படித்த கிறேஸ் அக்கா சொன்னாள். கொழும்பிலிருந்து வந்த அந்தக் குழாயை அப்பா காலையில்தான் ஆமியின் சோதனைச் சென்றி தாண்டிக் கொண்டுவந்தார். தூள் கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் விட்டு, அக்கா சைக்கிள் பம்பால் காற்றடிக்கிறாள். சவ்வால் சொட்டுச் சொட்டாக வரவேண்டிய தண்ணீர் போத்தலுக்குள் ஓடி வருகிறது. ஈயத் தண்ணீர் குடித்து வலிப்பு வந்து ஓய்ந்த தங்கச்சி இன்பமலரை மடியில் வைத்திருக்கும் அப்பா சிரிக்கிறார்.

"பாத்தியே, வாளியால அள்ளுறதைவிடக் கெதி! தா பிள்ளை, இவளுக்கு நா வறளுது."

அக்கா போத்தலை மூடிக் குலுக்குகிறாள். வெள்ளையாக நுரை எழுகிறது.

"சவுக்காரம் வந்திட்டுது அப்பா. அப்ப ஈயமும் வந்திட்டுது. சென்றியில இதை என்ன செய்தவங்கள்?"

"உள்ளுக்கு ஏதும் ஒளிச்சிருக்கோ எண்டு கம்பியால குத்திப் பாத்தவங்கள். ஒண்டும் இல்லையெண்டுதானே விட்டவங்கள்."

அக்கா குழாயை வெயிலில் பிடிக்கிறாள். சவ்வின் கிழிசலால் வெளிச்சம் வருகிறது. அப்பா கிணற்றடியைப் பார்க்கிறார். நுரையைக் கண்ட தங்கச்சி சிரித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அக்கா போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறாள்.