மருமகளுக்காக ஒரு பாஷை

செவ்வந்தி புளியிலிருந்து கொட்டையைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கல்வராயன் மலையிலிருந்து வந்த புளி, இரண்டு மூட்டை. விரலெல்லாம் பிசுபிசுப்பு.

அவள் உட்கார்ந்திருந்தது மாட்டுக்கொட்டாய் ஓரம். எதிரே, பின்வாசல் படிக்கு மேலே, இவளுக்கு முதுகு காட்டி நாற்காலி போட்டு, செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வீட்டுக்கார அம்மா அம்சவள்ளி.

“லூக் சபாய்,” என்றாள் போனுக்குள் இருந்த டீச்சர்.

“லூக் சபாய்,” என்றாள் அம்சவள்ளி, வாயில் கற்கண்டை ஒதுக்கிக்கொண்ட மாதிரி.

செவ்வந்திக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாயா இப்படிக் குழைகிறது? பால்காரனிலிருந்து பக்கத்துக் கொல்லைக்காரன் வரைக்கும் நடுங்குகிற வாயாயிற்றே!

கறிவேப்பிலை பறிக்க வந்த எதிர்வீட்டு ராஜாம்பாள் நின்றுவிட்டாள்.

“இன்னாடி அம்சவள்ளி, யார வையற?”

“வையலக்கா, படிக்கிறேன். தாய்லாந்து பாஷ. மொத கிளாசு முடிஞ்சி இப்ப ரெண்டாவது. ஒரே வார்த்தைய ஏத்திச் சொன்னா ஒண்ணு, எறக்கிச் சொன்னா வேற ஒண்ணு.”

“நீ தமிழையே ஏத்தி எறக்கித்தான பேசுவ. உனக்கு சுலுவா வரும். இப்ப சொன்னது இன்னாது?”

“மருமவள்னு அர்த்தம்.” அம்சவள்ளிக்கு முகமெல்லாம் பல்.

மூத்த மகன் அன்புச்செல்வனுக்கு பாங்காக்கில் வேலை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அடுத்த மாசம் அழைத்து வருகிறான்.

“கேக்காம கட்டிக்கினான், நீ குதிப்பன்னு இல்ல நான் நெனச்சேன்.”

“காலம் மாறிப்போச்சிக்கா. சாதி சனம்னு பாத்துகினு இருந்தா ஆவுமா? அவங்க பழக்கவழக்கமும் சொல்லித்தராங்க. அங்க யாரு தலையையும் தொடக்கூடாதாம்.”

“நீ இங்கயே யாரையும் தொடமாட்ட. அந்தப் பாடத்துல நீதான் பஸ்ட்டு,” என்று கறிவேப்பிலைக் கொத்தை ஒடித்தாள் ராஜாம்பாள்.

அம்சவள்ளி காதில் வாங்கவில்லை.

“பெத்தவங்கள விட்டுட்டு நம்மள நம்பி வர பொண்ணுக்கா. வந்த எடத்துல மாமியாக்காரி ஒரு வார்த்த பேசலன்னா, அது மனசு இன்னா பாடுபடும்? அப்புறம் அது ஒரு வூடா?”

ராஜாம்பாள் மாட்டுக்கொட்டாய் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

“ஞாயந்தான்,” என்றாள்.

செவ்வந்தி குனிந்த தலை நிமிரவில்லை. அவள் மகள் தமிழ்மொழி, இரண்டு வயசு, கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனது. ஓடிப்போய் இழுத்து வந்தாள்.

“அங்க போவக்கூடாது கண்ணு.”

அம்சவள்ளி திரும்பித் தொழுவத்துச் செவலைப் பசுவைப் பார்த்தாள். “செவல, புள்ளய படியாண்ட வுடாதன்னு சொல்லு.”

செவ்வந்திக்கு எது சொல்வதானாலும் மாட்டிடம்தான் சொல்வாள். மூன்று வருஷமாக அப்படித்தான். செவ்வந்தியும் மாட்டைப் பார்த்தே தலையாட்டுவாள்.

இன்றைக்கு அப்படித் தலையாட்டிவிட்டுப் போக அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை திருநாவலூர் கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்து. இந்த அம்மா வந்து நின்றால்தான் ஆச்சு என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அதனாலேயே போன வருஷம் குத்த வேண்டியது தள்ளிப் போயிருந்தது.

“அது வராது. கேட்டு அசிங்கப்படாத,” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் காலையில் மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு டிராக்டரை எடுத்தான்.

கேட்டுத்தான் பார்ப்போமே. கடல் தாண்டி இருக்கிறவளுக்காக நாக்கை இந்த வளை வளைக்கிறதே, இங்கே ஒரு ‘சரி’ சொல்ல எவ்வளவு நேரமாகும்?

அதற்குள் போன் அடித்தது. திரையில் அந்தப் பெண்ணே வந்தாள். சிரித்த முகம். இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள்.

“எம்மாம் மரியாத பாத்தியாக்கா!” அம்சவள்ளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படித்ததை எல்லாம் கொட்டினாள். அந்தப் பெண்ணும் பதில் சொன்னாள். ராஜாம்பாள் வாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று அந்தப் பெண் கண்ணைச் சுருக்கி, அம்சவள்ளியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். மடமடவென்று ஏதோ கேட்டாள். அத்தனை வார்த்தைக்கு நடுவில் ஒன்று மட்டும் அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது.

செவ்வந்தி.

அம்சவள்ளியின் விரல் சட்டென்று போனை அணைத்தது.

“இன்னா கேட்டுச்சி?” என்றாள் ராஜாம்பாள்.

“அந்தப் பாடம் இன்னும் வரலக்கா. நெட்டும் சரியில்ல.”

செவ்வந்தியின் கை நின்றுபோயிருந்தது. அந்த வீட்டுக்குள்ளிருந்து தன் பேரை அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் எங்கேயோ பிறந்த ஒருத்தி வாயிலிருந்து. புளிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படிக்குக் கீழே போய் நின்றாள்.

“அத்த,” என்றாள். “வர வெள்ளிக்கெழம உங்க பேத்திக்குக் காது குத்தறோம். உங்க சின்னப் புள்ள கேக்காதன்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க ஒரு வார்த்த வரேன்னு சொன்னா...”

அம்சவள்ளி மாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“செவல, புளிய மூடி வெச்சிட்டுக் கெளம்பச் சொல்லு. எனக்குக் கிளாசு பாதியில நிக்குது.”