கடைசித் தூணில் எண்ணெய்க் கறை

பங்குக் கோயிலின் கடைசித் தூணை எப்போதாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? புயலில் இடிந்து மறுபடி எழுப்பிய இந்தக் கோயிலில் அது ஒன்றுதான் பழையது. உட்கார்ந்தவரின் தலை உயரத்தில் அதில் ஓர் எண்ணெய்க் கறை. வண்ணக் கண்ணாடியின் சிவப்பு வெளிச்சம் கறைமேல் விழுகிறது. வாளியோடு வரும் பெயின்டரை மறித்து ஒருத்தி நிற்கிறாள். "எங்க வீட்டுக்காரர் தலைதான் தம்பி. பிரசங்கம் ஆரம்பிச்சா இதுல சாஞ்சு குறட்டை விடுவாரு. இப்ப மோட்சத்துலயும் தூண் தேடிட்டிருப்பாரு." "ஃபாதர் எல்லாத் தூணையும் வெள்ளையாக்கச் சொல்லிட்டாருக்கா. அடிப்பூச்சா பிரைமர் அடிக்காம விட்டாத்தான் எண்ணெய் வெள்ளைக்கு மேல ஊறி வரும்." அவள் கறையை ஒருமுறை தடவிவிட்டு விலகுகிறாள். பெயின்டர் பிரைமர் டப்பாவை மூடிவைத்துவிட்டு, வெறும் வெள்ளையைப் பூசுகிறார். மறுநாள் காலை கறை மேலே வந்திருந்தது.