பத்து விரல்கள்

வெள்ளிக்கிழமை வெளிச்சம் ஜன்னல் வழியே மெல்ல வடிந்துகொண்டிருக்கிறது. மகன் யூதப் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத போதகர், இன்றுதான் முதன்முதலாகச் சம்பந்தி வீட்டு ஓய்வுநாள் சாப்பாட்டு மேசையில், நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தி ரொட்டியில் பத்து விரலையும் பதித்துத் தூக்கி, தாழ்ந்த குரலில் இறைவனைத் துதித்துவிட்டுப் பிய்க்கிறார். மேலோடு நொறுங்கும் சத்தத்தில் மெழுகுவர்த்திச் சுடர்கூட ஒருமுறை சாய்ந்து நிமிர்கிறது. போதகர் குனிந்து பார்க்கிறார். மடியில் கிடந்த அவருடைய கைகள், அவரைக் கேட்காமலே எழுந்து, ஞாயிறுதோறும் பீடத்தில் அப்பத்தைப் பிடிப்பது போலவே, வெறும் காற்றைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சம்பந்தியும் அதைக் கவனித்துவிடுகிறார்.

“இப்படிப் பிடிக்க உங்களுக்கு யாரு கத்துக்கொடுத்தா?”

“எங்க குரு. அவர் பின்னாலயே நடந்து, பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்.”

“அவருக்கு?”

“அவரோட குரு.”

“அதுக்கும் முன்னாடி?”

போதகர் சுடரைப் பார்க்கிறார். அதற்குள் ஒருவர் பின்னால் ஒருவராகப் புழுதிக் காலோடு மனிதர்கள் நடந்துபோகிறார்கள். கடைசியில் ஒரு யூத வீடு, ஒரு மேசை, இதே வெள்ளிக்கிழமை வெளிச்சம்.

“சம்பந்தி, இது உங்க வீட்டுலதான் வந்து நிக்குது.”

“அப்புறம் என்ன, நல்லா உள்ள தள்ளி உக்காருங்க,” என்று சம்பந்தி ரொட்டித் துண்டை நீட்டுகிறார்.