கினோவாவுக்கு முதல் பரிசு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் கொட்டிப்போகட்டும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் செப்டம்பர் மாதத்து ஈரக் காலை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, இழவு வீட்டு வாசலில் நிற்பவன்போல வயலோரம் நின்றான் சைலஸ் தர்ட்டில். முப்பது வருஷமாகப் பண்ணையின் வேட்டைப் பறவைகளுக்குக் காவல்காரன். ஃபெசன்ட் கோழிகள் ஒளிந்து மேய அவன் வளர்த்த பயிருக்குத்தான் அன்று போட்டி.

பயிர் இரண்டு இலை விட்டதுமே பெயர் சொல்லிவிடுவார் நடுவர் என்று மூன்று ஜில்லாவிலும் பேச்சு. அன்று மனிதருக்குக் கடுமையான ஜலதோஷம், கண்ணிலும் நீர். இதை மறந்துவிடாதீர்கள்.

"மக்காச்சோளம். இது பரட்டைக்கீரை. இது தினை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நான்காவது பாத்தியில் நின்றார்.

அந்தப் பாத்தியில்தான் சைலஸின் வினை இருந்தது. மே மாதம் கினோவா என்ற சீமைத் தானியத்தை விதைத்து, இரண்டு வாரம் முட்டிபோட்டுக் களை பறித்தான். முந்தின நாள்தான் உறைத்தது: பறித்ததெல்லாம் கினோவா, காப்பாற்றியது களை! முளையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அந்தக் களை, குப்பைமேட்டுச் சக்கரவர்த்திக் கீரை, பாத்தியில் மார்பளவு நின்றது. பிடுங்கி எறிந்த கினோவாவோ வேலிக்குப் பின்னால் வேர்பிடித்து, சிவப்பும் பொன்னுமாகக் கதிர் தள்ளிச் சிரித்தது.

நடுவர் கூடவே வந்த பண்ணை எஜமானியம்மாளுக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு பண்ணை கொடுத்த வீடும்.

நடுவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். தும்மினார்.

"அடேயப்பா! இப்பேர்ப்பட்ட கினோவாவ நான் பாத்ததே இல்ல, தர்ட்டில்!"

எஜமானியம்மாள் கைதட்டினாள்.

"வேலிக்குப் பின்னால அதென்ன செவப்பா?" என்று கேட்டார் நடுவர்.

"அது... களைங்க ஐயா."

"பிடுங்கிப் போடுப்பா. பரவித் தொலைக்கப் போவுது."

வெள்ளிக் கோப்பை வீட்டுக்கு வந்தது. மனைவி தினமும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். அவனோ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் தேநீர் குடித்தான்.

எட்டாம் நாள் கோப்பையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடுவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இது எனக்கு வேணாங்க ஐயா. நீங்க மெச்சினது வெறும் கீரை. பிடுங்கச் சொன்னீங்களே, அதுதான் கினோவா."

நடுவர் முகம் வெந்த பீட்ரூட் ஆனது. மெல்லக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லலைங்க."

"அப்ப கோப்பைய எடுத்துட்டுப் போ. நீயும் மூச்சு விடாத, நானும் விடமாட்டேன். சத்தியம்!"

கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சைலஸ் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. சாகும்வரை சத்தியத்தைக் காப்பாற்றினான்.

நானும்தான், இன்று காலைவரை.