கழலாத கொக்கி

ஜமீல் மூன்றாவது ட்ரெய்லரையும் இழுத்து வெளியே போட்டான்.

தபித்தாள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. நேராகக் கொக்கியைப் பார்த்தாள்.

"இதுவும் ஆகாது, பாய்."

கூடலூரில் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ட்ரெய்லர் செய்கிறவன் ஜமீல் ஒருவன்தான். கடை போர்டிலேயே எழுதி வைத்திருந்தான்: கழலவே கழலாது. இந்த மலை ரோட்டின் ஏற்ற இறக்கத்தில் ட்ரெய்லர் கழன்றால் சரக்கைப் பள்ளத்தில் இறங்கித்தான் பொறுக்க வேண்டும். அதனால் கொக்கிக்கு ஓர் இரும்புப் பின், அந்தப் பின்னுக்குப் பூட்டாக இன்னொரு பின், இரண்டுக்கும் மேலே ஒரு சங்கிலி.

அந்தச் சங்கிலியைத்தான் இவள் முதலில் அவிழ்க்கச் சொன்னாள்.

"கழண்டு போச்சுன்னா என்னங்க்கா பண்ணுவீங்க?"

"கழலணும் பாய். ஒரே உதையில."

ஜமீலுக்குத் தலை சுற்றியது.

வாசலில் அவள் புருஷன் பொன்ராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருவரும் தேவாலா பக்கத்து எஸ்டேட் லயன்களில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில், பழம் விற்கிறவர்கள். நாளைக்கு லயன்களில் சம்பள நாள். வீட்டில் நேந்திரமும் பலாவும் பழுத்துக் கிடக்கின்றன. இன்றைக்கு ட்ரெய்லர் கிடைக்காவிட்டால் எல்லாம் அழுகிப் போகும். வந்ததும் அவளே சொன்னதுதான் இது.

அவ்வளவு அவசரம் இருக்கிறவள் பண்ணுகிற வேலையா இது?

அவள் இடது கையில் கட்டு. எக்ஸ்சேஞ்சுக்கென்று பழைய ட்ரெய்லரைச் சாக்கில் கட்டி வாசலில் போட்டிருந்தார்கள். யாரிடமோ பழசாக வாங்கியதாம். சாக்கு இருந்த இருப்பைப் பார்த்ததும் ஜமீல் முடிவு கட்டிவிட்டான். லாரி அடித்திருக்கிறது.

அந்தப் பரிதாபத்தில்தான் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டப் போனான்.

"பளபளன்னு எதுவும் வேண்டாம்."

மணி மாட்டப் போனான்.

"சத்தமே ஆகாது."

சரி, பூட்டுப் போட்ட மூடியாவது பிடிக்குமா என்று காட்டினான்.

"பூட்டா? கவுந்தா மூடி தானா திறந்துக்கணும் பாய். பழம் மொத்தமும் வெளிய கொட்டணும்."

"கொட்டுறதுக்கு எதுக்குங்க்கா ட்ரெய்லர்? நடந்தே போய் ரோட்டுல கொட்டிட்டு வாங்க."

வாசலில் பொன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"உங்களுக்கு இது யாவாரம், பாய். எங்களுக்கு உசுரு."

பேரம் பேச வருகிறவர்கள் எல்லாரும் சொல்வதுதான். ஜமீல் எத்தனை பேரிடம் கேட்டிருப்பான்.

பொறுமை போய்விட்டது. கடையின் பின்பக்கம் போய், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த ஒன்றை இழுத்து வந்தான். வெல்டிங் பழகும்போது அவன் கெடுத்த முதல் வண்டி. கொக்கி கோணல். பின் நிற்காது. மூடி ஆடும். பிரித்துப் போடலாம் என்று வைத்திருந்தது. இதைப் பார்த்தாவது அவளுக்கு உறைக்கட்டும்.

தபித்தாள் குனிந்து கொக்கியைத் தடவினாள்.

"மாட்டு" என்றாள் புருஷனிடம்.

பின்சக்கரத்து அச்சில் மாட்டினான். அவள் கேரியரில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காலை மட்டும் பின்னால் நீட்டி ஓர் உதை.

ட்ரெய்லர் கழன்றது. உருண்டது. எதிரே டீக்கடை பெஞ்சில் முட்டிக் கவிழ்ந்து வாயைப் பிளந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஜமீல் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதுதான் பாய்." இவ்வளவு நேரத்தில் இப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

"இதை நான் வித்தேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க்கா."

எடை போடுவதற்காகப் பழைய சாக்கை அவிழ்த்துக் கொட்டினான்.

தகரப் பெட்டி அப்பளமாகச் சப்பிக் கிடந்தது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம், பெரிய தோசைக்கல் அகலத்துக்கு. அதில் காய்ந்து ஒட்டிய வாழைப்பழத் தோல்.

"எந்த லாரி?"

"லாரி எங்க பாய் பழம் திங்கும்?" பொன்ராஜ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "வளைவுல யானை. வாசம் பிடிச்சுப் பின்னாடியே வந்துருச்சு. பழத்த விட்டுட்டா நம்மள விட்டுரும். விட்டுட்டு ஓடத்தான் பார்த்தோம்."

தபித்தாள் கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாக்கில் இன்னும் ஏதோ கனத்தது. ஜமீல் உதறினான்.

கொக்கி விழுந்தது. ஒரு பின், பூட்டுக்கு இன்னொரு பின், மேலே சங்கிலி. அவன் கை வேலை. சைக்கிளிலிருந்து பிய்ந்து வந்த ஒரு துண்டுக் கம்பியை அது இன்னும் கவ்விப் பிடித்திருந்தது.

ஜமீல் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

பிறகு டீக்கடைக்குப் போய்க் கவிழ்ந்து கிடந்த ட்ரெய்லரைத் தூக்கி வந்தான். எண்ணெய் டப்பாவை எடுத்து, கோணல் கொக்கியில் வழிய வழிய விட்டான். அச்சில் மாட்டினான்.

"ஏறுங்க்கா" என்றான். "இன்னொருக்கா உதைங்க."