சிப்பாயைச் சும்மா கொடுத்த பெண்

ஜாதகத்தை விட்டொழித்து, பதினெட்டு வயதில் ஆடிப் பதிவு செய்த சதுரங்க ஆட்டத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கிற காலம் வந்தும் மனுசப் பயல்களின் புத்தி மட்டும் மாறவில்லை என்று பேச்சிமுத்துவுக்கு எரிச்சல். மகள் மாரிச்செல்விக்கு அவள் ஆடிய ஆட்டத்தாலேயே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகப் பையனோடு வந்த வெள்ளைப்பாண்டியும் அதைத் திரையில் ஓடவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டாவது மூவ்லயே சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கா. ஓட்டைக் கை. குடும்பத்துக்கு ஆகாது."

"கடைசியில ஜெயிச்சது யாருவே? அவதானே?"

"ஜெயிச்சு என்ன, தொடக்கம் சரியில்லையே! எம்பையன் ஆட்டத்தைப் பாரும். ஒரு காயை விடாமக் கட்டிக் காத்திருக்கான். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு."

பேச்சிமுத்து பையன் பக்கம் திரும்பினார். "மாப்ளே, முதல்ல எந்தக் காயை நகத்துனீரு?"

அவன் அப்பன் முகத்தைப் பார்த்தான்.

"அவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல்," என்றார் வெள்ளைப்பாண்டி. "அவன் பேர்ல நான்தான் ஆடினேன். அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லவே. உமக்கும் எம்மகளுக்கும்லா பொருத்தம் பார்த்திருக்கீரு. உம்ம வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரும்."

உள்ளேயிருந்து மாரிச்செல்வி சிரித்த சிரிப்பில், வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள்.