ராஜாம்பாளின் நாற்காலி

சின்னசேலத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிச் சீவி வீரமுத்துவுக்கு இடுப்பே விட்டுப்போனது. நாக்கும் வறண்டது. எதிரே நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த ராஜாம்பாளைப் பார்த்தான்.

“தண்ணி குடிச்சிட்டு வந்துடறேங்க.”

“இப்பதான வந்து குந்தின? அதுக்குள்ள இன்னா தண்ணி? நீ கேட்டாண்ட போய் வர்ற வரைக்கும் கெழங்கை உங்கப்பனா வந்து சீவுவான்?”

சுற்றிலும் சீவிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“தொண்டை காயுதுங்க.”

“காயட்டும். சங்கு ஊதற வரைக்கும் வாயத் தொறக்காத.”

மூன்று மணிச் சங்கு ஊதியது. ராஜாம்பாள் துள்ளி எழுந்து நாற்காலியை முந்தானையால் துடைத்தாள்.

“உக்காருங்க மேஸ்திரி. மத்தியானம் நீங்க தாயத்துல தோத்த பந்தயம் தீந்துச்சி. ஒரு மணி நேரம் நான் மேஸ்திரி, நீங்க கூலியாளு. தெனம் நீங்க எங்ககிட்ட பேசறதைத்தாங்க பேசினேன்.” அவள் கைகூப்பினாள். “வேலையவுட்டு நிறுத்திடாதீங்க.”

வீரமுத்து உட்காரவில்லை. கேட்டருகே இருந்த தண்ணீர்ப் பானையைத் தானே தூக்கிவந்து பெண்களின் நடுவில் வைத்தான். முதல் குவளையை ராஜாம்பாளிடம் நீட்டினான்.

“நாளைக்கும் தாயம் ஆடலாமா?”

ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவள் சிரித்தாள்.

“ஆடலாங்க. மொதலாளியையும் இட்டுக்கினு வாங்க!”